முப்பத்துநாலு அங்குல இடுப்பு

"உங்க வீட்டுக்காரருக்கு இடுப்பு எவ்வளவும்மா?" என்று டாக்டரம்மா போன வாரம் கேட்டாள்.

"முப்பத்துநாலு. கல்யாணத்தன்னிக்கு இருந்தது அப்படியே இருக்குன்னு சொல்வார்."

"அவர் சொல்றது இருக்கட்டும். அவருக்குத் துணி தைக்கிறது நீங்கதானே?"

தையல்காரி முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். முட்டிவலி என்று போனவள், கணவருக்கு ஓயாத தாகம், பாதத்தில் எரிச்சல் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கேள்வி. ஒரு தடவை ரத்தப் பரிசோதனைக்கு அவரை அழைத்து வரச் சொல்லி அனுப்பினாள் டாக்டரம்மா.

அழைப்பதுதானே பாடு. அவருடைய அப்பா சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து, அதே வருடம் ஐம்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து 'சர்க்கரை' என்ற வார்த்தையை அவர் முன்னால் அவள் எடுப்பதே இல்லை. இவருக்கு இப்போது ஐம்பத்தேழு.

அவர் விளையாட்டு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் 'விசில் சார்'. ஐம்பதுக்கு மேல் உடம்பை எப்படிப் பேணுவது என்று பெற்றோர் கூட்டத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் அவரைத்தான் மேடையேற்றுவார்கள். ஊருக்குத்தான் உபதேசம். மைதானத்தில் அவர் ஓடிப் பத்து வருடமாகிறது; ஊதுவதோடு சரி.

பத்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள், இடுப்பு முப்பத்தாறு ஆகிவிட்டது என்று அவள் டேப்பைப் பிடித்தபடி சொல்லிவிட்டாள். இரண்டு நாள் மனிதர் சாப்பிடவுமில்லை, முகம் கொடுத்துப் பேசவுமில்லை. அதன் பிறகு அவள் சொல்வதை நிறுத்தினாள். பேன்ட்டின் பின் தையலைச் சத்தமில்லாமல் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியிலிருந்து அரை அங்குலம் அரை அங்குலமாக விட்டுக்கொடுத்தாள். புதிதாகத் தைத்தால் நாற்பதுக்கு வெட்டிவிட்டு, அளவு நோட்டில் முப்பத்துநாலு என்று எழுதினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

இன்று காலை வீட்டு முன்னறையில் ஒரு வாடிக்கையாளப் பெண்ணுக்கு அவள் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டிலும் கையுமாக அந்தப் பக்கம் வந்த கணவர் சும்மா போகவில்லை.

"இவளுக்கு ஒரு சட்டை தைக்கணும்னா கடையில இருக்கிற துணியெல்லாம் போயிடும்மா. என்னைப் பாருங்க. முப்பத்துநாலு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். தையல்காரி அளவைத் தப்பாக எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே போய்க் கொடியிலிருந்து ஒரு பேன்ட்டை உருவிவந்து, உள்பக்கம் வெளியே தெரியப் புரட்டி, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவரின் மடியில் போட்டாள்.

"பின்னாடி தையலைப் பாருங்க. பழைய ஊசி ஓட்டை எத்தனை வரிசை இருக்குன்னு எண்ணுங்க."

யாருடைய பேன்ட்டையோ கொண்டுவந்து வம்பு பண்ணுகிறாள் என்று அவர் முணுமுணுத்தார். அந்தப் பேன்ட்டின் பைக்குள் கைவிட்டுப் பார்க்கச் சொன்னாள். விட்டார். அவருடைய பழைய விசில்தான் கையில் வந்தது. பிறகு எண்ணினார். மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையும் எந்த வருடம் என்று அவள் ஒப்பித்தாள். குரல் நடுங்கவில்லை, அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"இத்தனை வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்கே."

"ஆமா, ஆக்கினேன். உங்க முகம் வாடக்கூடாதேன்னு பண்ணின தப்பு. அந்தத் துணியைப் போட்டுக்கிட்டே என்னை ஊரான் முன்னாடி குண்டுன்னு சிரிக்கிறீங்களே, அதுக்கு என்ன பேர்?"

வேடிக்கைக்குச் சொன்னதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றார். அந்த வேடிக்கைதான் அவளுக்கு எரிந்தது. மூன்று மாதமாக விடிந்ததும் விடியாததுமாக அவள் முக்கால் மணி நேரம் நடக்கிறாள். இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கியிருக்கிறாள். நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து எழுந்து முட்டியைப் பழக்குகிறாள். நாலு கிலோ குறைந்திருக்கிறது. வீட்டில் அதைக் கேட்க ஒரு நாதியில்லை. அவள் எடை மட்டும் நாலு பேர் முன்னால் கேலிப் பேச்சானது. எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் பாட்டிலை வாயில் கவிழ்த்தார். காலி. காலையிலிருந்து அது மூன்றாவது பாட்டில். எழுந்தவர் எரிகிற பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டார். அவள் பார்ப்பது தெரிந்து, சட்டென்று கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

அந்த நிமிர்வைக் கண்டதும் மிச்சமிருந்த பொறுமையும் போயிற்று.

"யாருக்காக இந்த நடிப்பு? எனக்குத் தெரியாம உங்க உடம்புல என்ன இருக்கு? உங்க அப்பாவும் இப்படித்தான் கடைசி வரைக்கும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னார்."

"இப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

கோபம் குறையாமலே அவளுக்குக் கண் நிறைந்தது. துடைக்கவில்லை.

"நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட என்கூட டாக்டரம்மாகிட்ட வாங்க. ரத்தம் குடுங்க. என்ன வந்தாலும் சேர்ந்து பாத்துக்கலாம். எனக்கு நீங்க இன்னும் ரொம்ப வருஷம் வேணும்ங்க."