ஒரு பல் தள்ளி

"உன் கால் பிரேக்கு மேல போயிருக்கு, உனக்கே தெரியாம..."

"என் கால் எங்க போச்சுன்னு நீ எங்க பாத்தே? பக்கத்து சீட்ல குறட்டை விட்டுக்கிட்டுதானே வந்தே!"

"குறட்டை விட்டவன் எதனால முழிச்சான்? நீ மிதிச்ச மிதியிலதான்!"

"மிதிக்கலைன்னு எத்தனை தடவை சொல்றது ராய்ஸ்? வண்டி தானா பிடிச்சு இழுத்துது!"

"ஆமா, வண்டிக்குப் பேய் பிடிச்சிருக்கு. ஏம்ப்பா கெல்வின், பேய் ஓட்டுற வேலையும் உன் ஒர்க்‌ஷாப்புல உண்டா?"

கெல்வின் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. ஹுவான் ஆற்றங்கரையில் முப்பது வருஷமாக வண்டி பழுது பார்க்கிறவன். இந்தக் கணவன் மனைவி சண்டையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். ஆனால் இன்றைக்கு ராய்ஸின் சட்டைப்பையில் நாலாக மடித்த தாள் ஒன்று எட்டிப் பார்த்தது. மனைவி வெர்னாவின் டிரைவிங் லைசென்ஸைத் திருப்பிக் கொடுப்பதற்கான தாள். அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. லைசென்ஸ் ஆபீஸ் இதே தெருவில்தான் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவள் செர்ரித் தோட்டத்து வேலியில் போய் மோதினாள். யாருக்கும் அடியில்லை. இடப்பக்க விளக்கு நொறுங்கிப்போன அந்தக் கார் இப்போது அவன் முன்னால் நிற்கிறது. ராய்ஸுக்குக் கண் மங்கி, வண்டி ஓட்டுவதை விட்டு நாலு வருஷமாகிறது. மலைமேல் பதினோரு கிலோமீட்டரில் வீடு. செவ்வாய்க்கிழமை தோறும் நடக்கமுடியாத ஐந்து பேருக்குச் சூடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவள் வெர்னா. இன்றும் செவ்வாய்தான். அவளையே யாரோ ஏற்றிவந்து இங்கே இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"கடைசியா ஒரு தடவை பாத்துச் சொல்லு கெல்வின். வண்டியில ஒண்ணுமில்லைன்னா நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றாள்.

அவன் கம்ப்யூட்டரைக் காரில் செருகினான். குறை எதுவும் இல்லை என்று காட்டியது.

"பாத்தியா, மெஷினே சொல்லுது!" என்றான் ராய்ஸ். ஜெயித்தவன் குரல் இல்லை அது, பயந்தவன் குரல்.

வெர்னா தலையை நிமிர்த்தினாள். "மெஷின் சொன்னது போதும். என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு நீயே ஓட்டிப் பாரு."

ராய்ஸை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கம்ப்யூட்டர் அவள் மடியில். ஆப்பிள் கொட்டகைத் திருப்பத்தில் எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. கெல்வின் லேசாகத்தான் திருப்பினான். காரின் அடியில் கடகடவென்று ஒரு அதிர்வு. யாரோ இடப்பக்கச் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தியதுபோல் வண்டி ஓரத்துக்கு இழுத்தது. அவன் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து நேராக்குவதற்குள் லாரி உறுமிக்கொண்டு போய்விட்டது.

"உன் கால் எங்க இருந்துது கெல்வின்?"

"ஆக்ஸிலேட்டர்ல."

வெர்னா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நேரான சாலையில் மெதுவாகப் போனான். ஸ்டீயரிங் அம்புபோல நேராக இருந்தது.

"இதென்ன, இந்தத் திரையில பதினொண்ணுன்னு ஒரு நம்பர் நிக்குது?"

"ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்குன்னு வண்டியோட கம்ப்யூட்டர் நினைக்குதோ, அது."

"நேராத்தானே இருக்கு?"

எங்கே கோணலென்று அவனுக்குத் தெரியும்.

ஐந்து வாரத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். இதே காருக்குச் சக்கரத்தைத் திருப்பும் கம்பிகளை மாற்றி ஓட்டிப் பார்த்தபோது ஸ்டீயரிங் கொஞ்சம் கோணலாக நின்றது. சக்கரங்களைத் திரும்ப அளந்து சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆகும். கிளப்பில் எல்லோரும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். ஸ்டீயரிங்கைக் கழற்றி, அது உட்காரும் தண்டின் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டினான். பார்வைக்கு நேர். பழைய வண்டிகளில் அவன் கை பழகிய வேலை. இந்தக் காரிலோ கம்ப்யூட்டர் பார்ப்பது ஸ்டீயரிங்கை அல்ல, அடியில் இருக்கும் அந்தத் தண்டை. தண்டு கோணலாகவே இருந்தது. ஓட்டுகிறவர் இடப்பக்கம் திருப்புகிறார், வண்டி வழுக்கிக்கொண்டு நேரே போகிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு, உதவி செய்வதாக இடது சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டது. உடைந்தது எதுவுமில்லை. அதனால்தான் குறையும் காட்டவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. வேலியில் மோதிய அன்று ராய்ஸ் போனில் கேட்டானே, "நீதானே போன மாசம் வேலை பாத்தே, வண்டியில ஏதாவது இருக்குமா?" என்று, அப்போது ஒரு மூச்சு நேரம் அந்தப் பல் அவன் நினைவுக்கு வந்தது. வந்ததை அப்படியே அமுக்கிவிட்டு, "வண்டியில ஒண்ணுமில்ல ராய்ஸ். இந்த வயசுல கால் தடுமாறும். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றான்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் ராய்ஸ் ஓடிவந்தான். "என்னாச்சு?"

"அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க. அவங்க கால்ல தப்பில்ல. கம்ப்யூட்டருக்குக் கோணக் கணக்கு தப்பா இருக்கு. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்."

"கணக்கு எப்படித் தப்பாச்சு?"

"சில சமயம்... ஆகும்."

ராய்ஸ் தாளை வெளியே எடுத்தான். கிழிக்கவில்லை, கையில் வைத்து மடித்துக்கொண்டே நின்றான். "நான் உன்னை நம்பலையே வெர்னா" என்றான்.

"நானே நம்பலையே!" என்றாள் அவள். "ரெண்டு வாரமா நீ தூங்கினப்புறம் சமையக்கட்டு நாற்காலியில உக்காந்து வலது காலு, இடது காலுன்னு மாத்தி மாத்தி அழுத்திப் பாத்துட்டிருக்கேன். சொன்ன பேச்சு கேக்குதான்னு. தரையில ரெண்டு டேப்புகூட ஒட்டி வெச்சிருக்கேன். இதுதான் பிரேக், இதுதான் மத்ததுன்னு."

கெல்வின் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான்.

"தானா ஆகல வெர்னா. ஸ்டீயரிங்கைக் கழட்டி ஒரு பல் தள்ளி மாட்டினது நான்தான். சோம்பேறித்தனம். ஒரு மணி நேர வேலைக்கு."

ராய்ஸ் வாயைத் திறந்தான். வெர்னா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். கோபமாகக்கூட இல்லை அவள் முகம். சாப்பாட்டில் உப்புக் கூடியதா குறைந்ததா என்று கேட்பதுபோல, நிதானமாகத்தான் கேட்டாள்.

"என் கால் தடுமாறுதுன்னு போன்ல இவர்கிட்ட சொன்னியே கெல்வின், அப்ப அது உனக்கு ஞாபகம் இருந்துதா?"