ஹில்டே தொடாத திராட்சை

என் மகள் லவினியாவின் நிச்சயதார்த்தம் ஒரு குலைத் திராட்சையால் குழம்பப் பார்த்தது. 2006 பெப்ரவரியில், ஜெர்மனியின் கொலோனில், எங்கள் வீட்டுக்குள்ளேயே.

மாப்பிள்ளை தென்னாபிரிக்கத் தமிழன், டர்பன்காரன். அவனுடைய தாய் கோவெண்டர் அம்மா இங்கே கடையில் தன் நாட்டுத் திராட்சையைக் கண்டு பூரித்துப்போய், பெட்டியோடு வாங்கி வந்திருந்தார். முதல் குலையை ஹில்டேயிடம் நீட்டினார். ஹில்டே எங்கள் மேல்வீட்டு ஜெர்மன்காரி, லவினியாவுக்கு இன்னொரு தாய்.

பெட்டியில் நாட்டின் பெயரைப் பார்த்ததும் ஹில்டே வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். "வேண்டாம், இதை நான் தொடமாட்டேன்" என்று இங்கிலீஷிலேயே சொல்லித் தொலைத்தாள்.

கோவெண்டர் அம்மாவின் முகம் கறுத்தது. எந்த இனத்தவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று சட்டம் போட்ட நாட்டில், அந்தச் சட்டத்தாலேயே பிறந்த வீட்டை இழந்தவர் அவர். ஒரு வெள்ளைக்காரி தன் கையிலிருந்து வாங்க மறுத்தால் வேறென்ன நினைப்பார்?

"இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்று எழுந்துவிட்டார். லவினியா அழத் தொடங்கினாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "இவளுக்கென்ன விசரே? கேளுங்கோ!" என்று கணவர் ராசனை உலுக்கினேன்.

"பொறும், யோசப்பின்" என்றுவிட்டு அவர் ஜெர்மனில் விசாரித்தார். ஹில்டே முகம் சிவக்கச் சொன்னாள். அந்தச் சட்டங்கள் இருந்த காலத்தில் தோழிகளோடு கடை வாசலில் பனியில் நின்று, 'தென்னாபிரிக்கப் பழம் வாங்காதீர்கள்' என்று அட்டை பிடித்தவளாம். அன்று விட்ட பழத்தை இன்றுவரை தொட்டதில்லையாம்.

ராசன் விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, உங்களுக்காகத்தான் இவ இதைத் தொடாமல் விட்டவ! சட்டம் போயிட்டுது எண்டு இவவின்ர கைக்கு ஒருத்தரும் சொல்லேல்லை!"

லவினியாவிடம் தமிழ் பழகியிருந்த மாப்பிள்ளை, தமிழ் தெரியாத தாய்க்கு அதை இங்கிலீஷில் சொன்னான். கோவெண்டர் அம்மா மெல்ல உட்கார்ந்தார்.

"ஐரோப்பாவில் யாரோ நம் நாட்டுப் பழத்தை வாங்குவதில்லையாம் என்று அப்பா சொல்வார். அந்த யாரோவை ஒருநாள் பார்க்கவேண்டும் என்பார். பார்க்காமலே போய்விட்டார்."

ஒரு திராட்சையைப் பிடுங்கி ஹில்டேயின் வாயருகே கொண்டுபோனார். "அப்பாவுக்காகச் சொல்கிறேன், போராட்டம் முடிந்துவிட்டது. வாயைத் திற."

ஹில்டே திறந்தாள். கண்ணீரோடு மென்றாள். "இவ்வளவு இனிப்பென்று அன்றே தெரிந்திருந்தால் நான் தோற்றிருப்பேன்!" என்றாள். இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மோதிரம் மாற்றி முடிந்தபோது தட்டத்தில் காம்புகள்தான் மிச்சம். விடிய எழும்பி நான் சுட்ட பலகாரத்தை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டும் மன்னித்தேன்.