ஜப்பான் கடையில் கட்டின பொட்டலம்

கள்ளக்குறிச்சி கச்சேரி ரோட்டில் ஜப்பான் சாமான் கடை திறந்த நாளிலிருந்து, அங்கே கட்டிக் கொடுத்த பரிசுப் பொட்டலம் எதுவும், கட்டும்போது வாங்கியவர் மனசில் யார் இருந்தாரோ அவர் கைக்குத்தான் பிரிந்தது. மற்றவர் கைக்குக் கத்திரிக்கோல் வைத்தாலும் பிரியாது, கொடுவாள் வைத்தாலும் பிரியாது. தக்காளி கிலோ நாற்பதுக்கு இறங்கிய வாரம் அது. ஊர் கடை திறந்ததையும் தக்காளியையும் சேர்த்தே பேசியது, தக்காளியைப் பற்றிக் கொஞ்சம் ஜாஸ்தியாக.

கடை முதலாளி காஜா அதுவரைக்கும் அதே இடத்தில் பிளாஸ்டிக் குடமும் பாயும் விற்றவர். புதுக் கடையைப் பார்த்தவர்கள் அசந்துதான் போனார்கள். பேனாவை வைத்தால் அதுவே இழுத்துக்கொண்டு ஓடும், மை தாளின் மறுபக்கம் இறங்காது. நோட்டில் உள்ளங்கை அகலத்தில் ஒன்று, விரல் அகலத்தில் ஒன்று. மடித்தால் பென்சில் அளவுக்கு ஒடுங்கும் விசிறி, கையாட்டும் பூனைப் பொம்மை, துணியிலேயே பை கட்டிக்கொள்ளும் பூப்போட்ட சதுரத் துணி. அடுக்கி வைத்திருந்த நேர்த்தியைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஜனங்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். சென்னையிலிருந்து மேற்பார்வைக்கு வந்த கம்பெனி அதிகாரி, வாசலில் குவிந்து கிடந்த செருப்பைப் பார்த்துவிட்டு, தானும் ஷூவைக் கழற்றினார். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தப் பொம்மைதான் நன்றாகப் போனது. ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் வாங்கி பீரோவில் ஒட்டினார்கள். பீரோவுக்கு அது கனஜோராக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பொட்டலம் கட்டியது காஜாவின் மருமகள் ஜெபீனா. தாளை ஒரு மடிப்பு, ஒரு திருப்பு, அவ்வளவுதான், மூலை ஊசி முனையாக நிற்கும். கட்டுவதற்கு முன்னால் “யாருக்குங்க?” என்று ஒரு வார்த்தை கேட்பாள். ஆரம்பத்தில் அதை மரியாதைக்குக் கேட்கிறாள் என்றுதான் ஊர் நினைத்தது. ஒரே மாதத்தில் விஷயம் வெளியாகிவிட்டது. பெண்டாட்டிக்கு வாங்கிப் போன ஒருவரின் பொட்டலம் மாமியார் கைக்குப் பிரிந்தது. மாமியார் வைக்கும் கருவாட்டுக் குழம்பைத்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன் என்று மனுஷன் சத்தியம் செய்தார். இன்னொரு பெரிய மனிதர் தேர்தல் சமயத்தில் நாற்பது பொட்டலம் வாங்கினார், நாற்பதும் அவர் கைக்கே பிரிந்தன. அதன் பிறகு பொட்டலம் கட்டுகிற மேசை முன்னால் நிற்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, வேண்டியவர் பெயரை வாய்க்குள் முணுமுணுக்கப் பழகினார்கள். பார்ப்பவருக்குக் கோயில் மாதிரி இருக்கும்.

அங்கன்வாடியில் வேலை பார்க்கும் நிர்மலாவும் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சின்னசேலத்தில் இருக்கும் நாத்தனார் அருள்மொழியின் மகள் ஜீவாவுக்கு மஞ்சள் நீராட்டு. மாமன் வூட்டுச் சீர் என்றால் கூட்டமே உற்றுப் பார்க்கும். ஒரு பென்சில் பெட்டி, பூப்போட்ட நோட்டு, பேனா ஐந்து என்று எடுத்து, நோட்டின் முதல் பக்கத்தில் அங்கேயே நின்று ‘ஜீவாவுக்கு, அத்தை நிர்மலா’ என்று எழுதினாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு ரப்பரை எடுத்து மோந்து பார்த்தாள், அதில்தான் வந்தது வினை. பன்னீர்த் திராட்சை வாசனை. அம்மா கரும்பு வெட்டப் போன காலத்தில் இரண்டு பெண்களுக்கும் சேர்த்து ஒரு ரப்பர் வாங்கி, பிளேடால் நடுவில் அறுத்து ஆளுக்குப் பாதி கொடுப்பாள். தங்கச்சி எழில்மதி வாசனை தாங்காமல் அதன் மூலையைக் கடித்துத் தின்றுவிடுவாள். ஜெபீனா தாளை மடிக்கும்போது நிர்மலா வாய் ஜீவா ஜீவா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. மனசு பேச்சைக் கேட்டால்தானே.

அந்தத் தங்கச்சியோடு பேச்சு நின்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது. காரணம் ஒரு சுவர்க் கடிகாரம். நம் பக்கத்துக் கல்யாணங்களில் கடிகாரம் எத்தனை வரும் என்று கணக்கே கிடையாது. வந்ததைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அடுத்த விசேஷத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போவதுதான் எல்லா வூட்டிலும் நடப்பது. எழில்மதி கல்யாணத்துக்கு ஒன்பது கடிகாரம் வந்தது. நிர்மலா புது வூடு கட்டிக் குடிபோன அன்றைக்கு எழில்மதி தன் கட்டிலுக்கு அடியில் கைவிட்டு ஒன்றை எடுத்து வந்து கொடுத்தாள். நிர்மலா சபையில் பிரித்துப் பார்த்தால், பின்பக்கம் தன்னுடைய கையெழுத்திலேயே, ‘என் தங்கச்சி எழிலுக்கு.’ எழில்மதி பயத்தில் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் நிர்மலாவைக் குத்தியது. “நான் குடுத்தத கண்ணால கூடப் பாக்கலியாடி? இனிமே இந்த வூட்டுப் படி ஏறாத” என்று சொல்லிவிட்டாள். ரோஷக்காரி எழில்மதி ஏறவில்லை. புருஷனோடு கல்வராயன் மலைக்கு மேலே வெள்ளிமலைக்குப் போய்த் தையல் கடை போட்டுவிட்டாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்ததையே நிர்மலா மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் கேட்டாள். நிர்மலாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அவள் ஒரு தரம் அக்கா என்று கூப்பிட வேண்டும். தானாகப் போய்ப் பேசலாம்தான். வாய் வரவில்லை, என்ன செய்ய.

சின்னசேலம் மண்டபத்தில் ஜீவா பொட்டலத்தை இழுத்தாள், கடித்தாள், அவள் அப்பா அருவாமணையைக் கொண்டுவந்து அறுத்தார். தாளில் ஒரு கீறல் விழவில்லை. மைக்கில் சீர்வரிசை சொல்லிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார். அருள்மொழிக்கு முகம் கடுகடுத்தது. “என் பொண்ணுக்குன்னு சொல்லிட்டு யார நெனச்சிக்கினு வாங்கின அண்ணி?” என்று கேட்டாள். நிர்மலா தானும் ஒரு தரம் நாடாவை இழுத்துப் பார்த்தாள். வூடு திரும்பும் பஸ்ஸில், யாரை நினைத்தோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பிரியாத பொட்டலத்தை வைத்துக்கொண்டு அருள்மொழி என்ன செய்வாள்? ஊர் வழக்கத்தைத்தான் செய்தாள். நிர்மலாவின் பெயர்ச் சீட்டைச் சுரண்டிவிட்டு, உளுந்தூர்பேட்டையில் ஒரு புதுவூடு விசேஷத்தில் கொடுத்தாள். அவர்கள் அதை ஒரு கல்யாணத்தில் கொடுத்தார்கள். கல்யாண வூட்டார் ஒரு வளைகாப்பில் கொடுத்தார்கள். வளைகாப்பு வூட்டில் பெருமழைக்கு இடுப்பளவு தண்ணி ஏறி பீரோவே சாய்ந்தது, பொட்டலம் ஈரம்கூடப் படாமல் மிதந்துகொண்டிருந்தது. ராசியான பொட்டலம் என்று துடைத்து, வேலை ஓய்வு பெற்ற ஒருவருக்குக் கொடுத்தார்கள். இப்படி ஒன்றேகால் வருஷத்தில் ஏழு வூடு சுற்றி, ஏழாவதாக வாத்தியார் மாயவன் கைக்கு வந்தது. அவருக்கு வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல். மலையேறிய இரண்டாவது வாரமே, சட்டை தைக்கக் கொடுத்த இடத்தில் குழந்தைக்குக் காதுகுத்து என்று அழைத்தார்கள். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று அதை எடுத்துக்கொண்டு போனார்.

எழில்மதி கையில் வாங்கினாள். நாடா தானாக அவிழ்ந்தது, தாள் நான்கு பக்கமும் விரிந்து படுத்துக்கொண்டது. கூட்டம் குழந்தையின் அழுகையைச் சமாதானம் பண்ணிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. நோட்டைத் திறந்தாள். ‘ஜீவாவுக்கு, அத்தை நிர்மலா’ என்று இருந்தது. கீழே ஒரு ரப்பர், பன்னீர்த் திராட்சை வாசனை. கச்சேரி ரோட்டுக் கடையின் வழக்கம் மலை மேலேயும் தெரியும். எழுதியிருப்பது வேறு பெயர், பிரிந்தது தன் கைக்கு. எழில்மதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காதுகுத்துக்கு அக்காவைக் கூப்பிடாமல் விட்டோமே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. குழந்தையை விட அதிகமாக அவள்தான் அழுதாள் என்று வாத்தியார் பிறகு சொன்னார்.

காதுகுத்து நடந்த செய்தி நிர்மலாவுக்கு வந்து சேர்ந்தபோது, அவள் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி தன்னைக் கூப்பிடவில்லை. இனி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு மீதி முட்டையையும் உரித்தாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் எழில்மதி நின்றாள், இடுப்பில் குழந்தை, கையில் ஜப்பான் கடைப் பொட்டலம். படியில் கால் வைக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கட்டும்போது மனசில் அக்கா இருந்தாளா, அந்தப் பழைய ஆத்திரம் இருந்ததா என்று அவளுக்கே நிச்சயமில்லை. நிர்மலாவுக்கும் பயம்தான். பிரியாவிட்டால் இந்த ஜன்மத்துக்கும் இதோடு முடிந்தது. இரண்டு பேரும் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“வாங்கிக்கக்கா, கை வலிக்குது” என்றாள் எழில்மதி.

நிர்மலா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். விரல் பட்டதோ இல்லையோ, நாடா அவிழ்ந்து கீழே விழுந்தது. உள்ளே பிளேடால் நேராக அறுத்த அரை ரப்பர். அதிலும் ஒரு மூலையைக் காணோம்.

“இதையும் கடிச்சிட்டுதான் குடுக்கிறியா?”

“வாசனையா இருந்திச்சிக்கா.”

நிர்மலா குழந்தையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “படியிலயே இன்னா நிக்கிற, உள்ள வா” என்றாள். இட்லி சாப்பிட்டு முடித்த பிறகு பரணிலிருந்து அந்தக் கடிகாரத்தை இறக்கி, பேட்டரி போட்டு, நடு வூட்டில் மாட்டினார்கள். ஆணி கொஞ்சம் கோணல் என்று இரண்டு பேரும் வெகுநேரம் சண்டை போட்டார்கள். கச்சேரி ரோட்டில் கட்டினது, பிரிய வேண்டிய கையில் பிரிந்தது. அந்தத் தாளை மட்டும் நிர்மலா மடித்து, அரிசி டப்பாவுக்கு அடியில் விரிக்க எடுத்து வைத்தாள்.