எல்லா நட்டும் இறுக்கியாயிற்று

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மனதில் உதித்ததல்ல, காதில் விழுந்தது. மாடிப்படிக்குக் கீழே யாரோ லாங்போர்டு ஒன்றை, நின்றபடி ஓட்டுகிற நாலு சக்கரப் பலகையை, உருட்டிக்கொண்டு போனார்கள். அதன் சக்கரம் போட்ட கிறீச்சில் எனக்குப் பல் கூசியது. கூச்சம் அடங்குவதற்குள் ஒரு பெண் வந்து அந்தப் பலகையின் மேல் ஏறி நின்றுகொண்டாள். இறங்கு என்றால் இறங்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு தேவதையைப் போல அவள்..."

நிறுத்திவிட்டேன். தேவதைகளிடம் துருப்பிடிக்கிற மாதிரி எதுவும் கிடையாது. இவள் பலகையின் சக்கரங்களுக்குள் எட்டு பேரிங் இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: "பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற நாளிலிருந்து அவள் வாழ்க்கை இருண்டு..."

இதையும் அடித்தேன். எதுவும் இருளவில்லை. காலையில் அம்மாவின் தையல் கடையில் பட்டன் வைப்பாள். மதியம் பலகை. நல்ல வெளிச்சத்தில்தான் இருந்தாள்.

2

வீட்டில் அவளை மியூட் என்று கூப்பிடுவார்கள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒருநாள் எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். (இவ்வளவுதானா காரணம் என்று கேட்கிறீர்கள். இவ்வளவுதான். பெரிய சோகம் ஒன்றைச் செருகிப் பார்த்தேன். அவளுக்கு அளவு சேரவில்லை.)

பலகை அண்ணனுடையது. பைக் வந்த பிறகு பால்கனியில் சாத்திவைத்து மறந்துவிட்டான். மழையில் நனைந்து கிடந்ததை எடுத்து, அவன் வேலைக்குப் போன நேரங்களில் ஓட்டிப் பழகியவள் இவள். இப்போது திடீரென்று அவனுக்குப் பலகை ஞாபகம் வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை என் ஃப்ரெண்டு வந்து எடுத்துட்டுப் போவான்."

"குடுக்காத."

"அட, மியூட்டு பேசுது. அம்மா, கேட்டியா?"

"கேட்டேன்." அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "என்னடி வேணும் உனக்கு?"

"போர்டு."

"அது கத்துற கத்துக்கு நாலு தெரு முழிச்சுக்கும். இறக்கத்துல ஆடுது வேற. பல்லு போயிடும்," என்றான் அண்ணன். "பத்தாவதே முடிக்கல நீ. இத எங்க சரி பண்ணி முடிக்கப் போற?"

"முடிப்பேன்."

"சரி, சத்தமும் ஆட்டமும் இல்லாம தண்ணித்தொட்டி இறக்கத்துல இறங்கிக் காட்டு. உனக்கே வச்சுக்கோ. இல்லன்னா அவன் எடுத்துட்டுப் போவான். அழக் கூடாது."

"நீதான் அழுவ," என்றாள் வாய்க்குள். அம்மாவுக்கு மட்டும் கேட்டது. நூல் ஊசியின் காதை விட்டு நழுவியது.

3

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக நினைப்பவர்கள் போகலாம். ஆனால் கடைசியில் அவள் இறக்கத்தின் மேல் நிற்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு பதறக் கூடாது.

பலகையைக் கவிழ்த்துப் போட்டாள். சக்கரங்களைக் கழற்றி, உள்ளே இருந்த பேரிங்குகளை நெம்பி எடுத்தாள். கறுப்புக் களிம்பு பூசியதுபோல் இருந்தன. முகர்ந்தால் வடை வாசனை.*

பேரிங்குகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துணிமேல் பரப்பிக் காயவைத்தாள். ஈரம் துளியும் இல்லாமல் போன பிறகு, தையல் மிஷின் எண்ணெயை ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு விட்டாள். முன்சக்கரங்கள் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்ததால் அவற்றைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் குறுக்காக மாற்றினாள். சக்கர நட்டை இறுக்கி, ஒரு மயிரிழை தளர்த்தினாள்: ஆட்டினால் ஆடக் கூடாது, சுற்றினால் சுற்ற வேண்டும். பலகையின் வயிற்றை விரலால் தட்டிக்கொண்டே போனாள், எங்காவது விரிசல் இருந்தால் ஓசை மாறும் என்று. மாறவில்லை.

(* அண்ணன் கிறீச் சத்தத்துக்குச் செய்த வைத்தியம், சமையல் எண்ணெய். அது தூசியையெல்லாம் விருந்துக்கு அழைத்துக் குடிவைத்துவிடும். கதைக்குச் சம்பந்தமில்லை. ஆனால் சொல்லாமல் விட மனமில்லை.)

4

இங்கே ஒரு தவறு நடந்தது. அவளுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. நான் எழுதியதைத்தான் அவள் செய்தாள். "இரண்டு அச்சுகளையும் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டினாள்" என்று எழுதினேன். எந்தப் பக்கம் பார்த்து என்று எழுதவில்லை.

சக்கரங்களைத் தாங்கும் அந்த இரண்டு இரும்பு அச்சுகளும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்க வேண்டும், சண்டை போட்ட அண்ணன் தங்கையைப் போல. அவள் இரண்டையும் வரிசையில் நிற்பவர்களைப் போல ஒரே பக்கம் பார்க்கவைத்துப் பூட்டிவிட்டாள்.

முந்தைய வரைவில் அவளை அப்படியே இறக்கத்துக்கு அனுப்பினேன். வளைவில் பலகை திரும்பவில்லை. விழுந்தாள். ரத்தம், அண்ணனின் ஓட்டம், அம்மாவின் அலறல். நன்றாகத்தான் வந்திருந்தது. படித்து எனக்கே கண் கலங்கியது. அங்கேதான் சந்தேகம் வந்தது. பள்ளிக்கூடத்தை விட்டவள், வாய் பேசாதவள், சக்கரத்தில் ஏறியவள். இவள் எங்காவது விழுந்தே தீர வேண்டும், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று யாராவது சொல்ல வேண்டும். யார் போட்ட சட்டம் இது? அவள் தவறு செய்யலாம். அதற்காகப் பல்லைக் கொடுக்க வேண்டியதில்லை.

அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். அவளை மொட்டைமாடிக்கு அனுப்பினேன்.

சமதரையில் மெல்ல உதைத்து வலப்பக்கம் சாய்ந்தாள். பலகை திரும்பாமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் போனது. இறங்கினாள். கவிழ்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஸ்பேனரை எடுத்தாள்.

துணி காயப்போட வந்த அம்மா, "மறுபடியும் கழட்டுறியா?" என்றாள்.

"தப்பா மாட்டிட்டேன்."

"யாரு சொன்னா?"

"போர்டே சொல்லுச்சு."

"உங்கண்ணன ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா எண்ணெய் ஊத்துவான்."

அம்மா வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

5

ஞாயிறு காலை. தண்ணித்தொட்டி இறக்கம். நண்பன் பலகையைத் தூக்கிப்போகக் காலிப் பையோடு வந்திருந்தான். அண்ணன் கையை நீட்டினான்.

"குடு, முதல்ல நான் இறங்கிப் பாக்குறேன்."

"வேணாம்."

"ஏன், மாட்டிக்குவேன்னு பயமா?"

"தொட்டுப் பாத்துக்கோ. ஏறாத."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவன் கேட்டதில்லை. குனிந்து சக்கரம் ஒன்றைச் சுண்டினான். சுற்றியது. எல்லோரும் காத்திருந்தார்கள், அது சுற்றிக்கொண்டே இருந்தது, சத்தமில்லாமல். நட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பார்த்தான். எழுந்தான்.

"ஹெல்மெட்ட மாட்டு," என்றான், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

மாட்டினாள். ஒரு காலைப் பலகையில் வைத்தாள்.

முடிவுகள் என்னிடம் மூன்று இருந்தன. ஒன்றில் அவள் இறங்குகிறாள், அண்ணன் கை தட்டுகிறான். அவன் அப்படித் தட்டுகிற ஆள் இல்லை. இன்னொன்றில் அவள் இறங்கியும் அவன் பேச்சு மாறிப் பலகையைக் கொடுத்துவிடுகிறான். அதற்கு அம்மா விட மாட்டாள்.

மூன்றாவது எதுவென்று உங்களுக்கே தெரியும். உங்களில் சிலர் அதற்காகத்தான் இதுவரை வந்திருக்கிறீர்கள். அதை நான் எழுத மாட்டேன். கட்டாயம் வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாம் சரியாகப் பூட்டியிருக்கிறது. அவளை விழவைக்க நீங்கள் இந்த இறக்கத்தின் மேல்வரை ஏறி வந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து, ஒரு நட்டையாவது தளர்த்தியாக வேண்டும்.

ஸ்பேனர் அவள் சட்டைப்பையில் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.