பத்தாவது கேள்வி

…இந்தத் தொழிலாளர் அலுவலகத்தில் பேனாவை நூல் கட்டி மேஜையோடு பிணைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் நான் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேனாம், நூலும் எட்டவில்லை, குனிந்துதான் எழுத வேண்டியிருக்கிறது, எழுதினால்தானே… ஒன்பது கேள்வி வரைக்கும் கடகடவென்று எழுதிவிட்டேன். பெயர், வயது நாற்பத்தாறு, வேலை மூக்குக் கண்ணாடி லென்ஸுக்கு மெருகு போடுவது, எத்தனை வருடம், பத்தொன்பது. பத்தாவதில் கை நின்றுவிட்டது. உங்கள் வேலைக்குச் சமமான வேலை பார்த்து உங்களைவிட அதிகச் சம்பளம் பெறும் ஆண் ஊழியரின் பெயர். இதை மட்டும் விட்டுவிடலாமா என்று கவுண்டரில் இருந்த பெண்ணைக் கேட்டேன். "முடியாதும்மா. யாரோட ஒப்பிடுறதுன்னு தெரியணும்ல? பேரு இல்லேன்னா ஃபார்மைத் திருப்பி அனுப்பிடுவாங்க. டோக்கன் கூப்பிடுறதுக்குள்ள எழுதிட்டு வாங்க." நல்ல பெண், என் வயதில் பாதிதான் இருக்கும், என் சம்பளக் கதையைக் கேட்டு, நான் பட வேண்டிய கோபத்தையும் சேர்த்து அவளே பட்டாள். என் டோக்கன் முப்பத்தொன்று. இப்போது இருபத்துநான்கு. ஒரு பெயர்தானே, என்ன பெரிய காரியம்? பட்டறையில் கடைசி மெருகு மேஜையில் உட்காருவதே இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று என் தம்பி, கூடப் பிறந்தவன்.

போன மாதம் வங்கிக்குப் போகாமலே இருந்திருக்கலாம்… வீட்டுக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வாக்கா என்றான், அதற்கென்ன என்று இருப்பதில் நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டு போனேன், தம்பிக்கு நான் ஜாமீன், மனசுக்குள் பெருமை வேறு. அதிகாரி இரண்டு சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே வேலைன்னா சொன்னீங்க?" ஆமாம் என்றேன். "உங்க சம்பளம் ஜாமீனுக்குப் பத்தாதேம்மா. வேணும்னா இவரு உங்களுக்குப் போடலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. தன் சீட்டை எடுத்து மடித்தான், மறுபடி மடித்தான், தபால்தலை அளவுக்கு வரும்வரை மடித்துக்கொண்டே இருந்தான், அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவனுக்குத் தெரியும்! எத்தனை வருடமாகத் தெரியும்? படியிறங்கும்போது, "ஏதாவது குடிக்கிறியாக்கா?" என்றான். குடித்தேன். என்ன குடித்தேன் என்று சத்தியமாக நினைவில்லை. காசு அவன்தான் கொடுத்தான்.

இருபத்தாறு… அந்த மேஜையில் அவனை உட்கார வைத்ததே நான், பதினோரு வருடம் முன்னால், எங்கேயும் ஒட்டாமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்தவனை. கை என்றால் கையா அது, உலக்கை. அழுத்தாதேடா, கனத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும், நீ சும்மா தொட்டுக்கொண்டிரு, லென்ஸைத் தூக்கி ட்யூப்லைட்டைப் பார், விளக்கு நெளிந்து தெரிந்தால் இன்னும் வேலை பாக்கி. முதல் வருடம் தட்டுத் தட்டாகக் கீறி வைத்தான். தட்டில் அவரவர் எண்ணை ஒட்டி அனுப்ப வேண்டும், அத்தனை கழிவும் அவன் எண்ணில் போனால் மாதம் முடிவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பாதித் தட்டில் என் எண்ணை ஒட்டினேன். சந்தோஷமாகவே ஒட்டினேன், அதுதான் இப்போது எரிகிறது. நாளைக்கு மேனேஜர் அந்தப் பழைய பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வருவார், பாருங்கள், இந்த அம்மா எவ்வளவு கெடுத்திருக்கிறார் என்பார். நான் என்ன சொல்வேன்? உண்மையைச் சொன்னால் அவன் மாட்டுவான், சொல்லாவிட்டால் என் புகார் நிற்காது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயிற்று. இதனால் உங்கள் தம்பி சம்பளத்தில் கை வைக்க முடியாது, சட்டம் இருக்கிறது என்கிறாள் கவுண்டர் பெண். சட்டம் இந்தப் பத்தொன்பது வருடமும்தான் இருந்தது, எங்கே இருந்தது?

காலையில் அவனே போன் செய்தான். "உனக்கு நியாயம்னு படுறதச் செய்யிக்கா, நான் வேணாங்கல. என் பேரு மட்டும் வேணாமே. இவ மாசமா இருக்கா. கொஞ்ச நாள் தள்ளிப்போடேன்." கொஞ்ச நாளாம். யார் பெயரை எழுதுவதாம் பின்னே, வாசலில் நிற்கும் காவல்காரர் பெயரையா? கத்தியிருக்க வேண்டும், சரி சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்தேன், எனக்கே என்னைக் கண்டால் வெறுப்பாக இருக்கிறது. கெட்டவன் இல்லை அவன். எனக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் வந்து நிற்பவன் அவன்தான். ஆனால் பதினோரு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டு, ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கலாமே… இருபத்தெட்டு. குனிந்து இனிஷியலை எழுதினேன். அப்பாவின் எழுத்து. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதனால் இரண்டு பேருக்கும் இன்னும் அதே எழுத்துதான், முதல் கேள்வியிலும் அதைத்தான் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

சரி, இதை அப்புறம் பார்ப்போம், பதினொன்றாவதை எழுது. வித்தியாசத்துக்கு நிர்வாகம் கூறிய காரணம். இது சுலபம், வங்கிக்குப் போன மறுநாளே மேனேஜரிடம் போய் நின்றேன், தலையைத் தூக்காமலே சொன்னார், "அவன் ஆம்பளப் புள்ளம்மா, நாளைக்கு ஒரு குடும்பத்தத் தாங்கணும்ல?" அப்படியே எழுதுவோம், படிக்கிறவர்களுக்கும் வயிறு எரியட்டும். ஆம்பளப் புள்ள… நாளைக்கு… ஒரு குடும்பத்தத்… தாங்கணும்… கை ஓடுகிறது, ஏன் இவ்வளவு சரளமாக ஓடுகிறது, யோசிக்காமல், வாய்ப்பாடு மாதிரி? இந்த வாக்கியத்தை இதற்கு முன்னால் எங்கே… அதே அறை, பதினோரு வருடம் முன்னால். அதே மேஜை. நகக்கண்ணில் மெருகுப் பொடி, கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு வாசலில் நான், மாடிப்படியடியில் தலை வாரிக்கொண்டு தம்பி. தம்பிக்கு எவ்வளவும்மா எதிர்பார்க்குறீங்க என்கிறார் மேனேஜர். நான் சொல்கிறேன், என் குரல்தான், கெஞ்சலும் உரிமையுமாக, "ஆம்பளப் புள்ள சார், நாளைக்கு ஒரு குடும்பத்தத் தாங்கணும். எனக்குப் போடுறத விடக் கொஞ்சம் கூடவே போடுங்க."

உடனே சரி என்றார். பேரம்கூடப் பேசவில்லை. அதைப் பெரிய வெற்றியாக நினைத்துக்கொண்டு படியிறங்கினேன். கேட்டால் கிடைக்கும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது எனக்கு, தெரிந்தும் எனக்கென்று ஒரு தடவைகூட… முப்பத்தொன்று, முப்பத்தொன்று என்று கூப்பிடுகிறார்கள். கவுண்டர் பெண் எட்டிப் பார்த்து, "எழுதிட்டீங்களாம்மா?" என்கிறாள். பேனாவை இன்னும் கீழே வைக்கவில்லை, பத்தாவதில் ஓர் எழுத்துதான் இருக்கிறது, பதினொன்று நிரம்பிவிட்டது.