நூற்று முப்பத்திரண்டு அடி

அந்தக் குழந்தை பதினான்கு மாதம் வயிற்றில் இருந்ததற்குக் காரணம், அதன் பெரியம்மாவுக்கு மேட்டில் வண்டி எடுக்க வராததுதான். மருத்துவமனைக்கு ஏறும் மேட்டுத் தெருவில் ஒரு வண்டி ஓரடி பின்னால் உருண்டால், அதற்குள் இருப்பதெல்லாம் ஒரு நாள் பின்னால் போகும். பழுத்த தக்காளி செங்காயாகும், காலையில் மழித்த தாடி மறுபடி முளைத்து நிற்கும், அன்றைய செய்தித்தாளில் ஒரு எழுத்தும் இருக்காது. நினைவு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பாதி மேட்டில் சிவப்பு விளக்கு வைத்த மகராசன்கள் இதையெல்லாம் யோசிக்கவில்லை. குறுக்குத் தெருவில் கல் லாரிகள் பாய்ந்து வருவதால் விளக்கை மீறிப் போகவும் வழியில்லை. எதிரே கடை வைத்திருந்த தையல்காரர், வண்டி உருண்ட தூரத்தை நாடாவால் அளந்து, இத்தனை நாள் என்று சொல்லுவார். சட்டைக்கு அளவு சொல்வதுபோலத்தான் சொல்லுவார்.

அக்காள் தபால் நிலையத்தில் தேதி முத்திரை குத்துபவள். தனக்கென்று ஒரு கல்யாணம் தேடிக்கொள்ளாமல் தங்கையை வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தவள். தங்கையின் புருஷனுக்குக் கப்பலில் வேலை. பிரசவம் ஆனதும் தாயும் பிள்ளையும் துறைமுக ஊருக்குக் குடிபோவதாகப் பேச்சு. வாடகை வண்டிக்காரர்கள், கர்ப்பிணி என்றால் அந்த மேட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். பழி வந்து சேருமே என்று பயம். ஆகவே அப்பா விட்டுப்போன பழைய காரை நாற்பத்தாறு வயதில் அக்காள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மெக்கானிக் சொல்லிக்கொடுத்தது சுருக்கம்தான். கைப்பிரேக்கை இழுத்துவை, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தபடி கிளட்சை மெல்ல விடு, என்ஜின் சத்தம் கம்மி வண்டி மூக்கைத் தூக்கும்போது கைப்பிரேக்கை எடு. இருபது தடவை தனியாகப் போய்ப் பார்த்தாள். ஓர் அங்குலம்கூட நழுவவில்லை.

வலி எடுத்த அன்று தங்கையைப் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போனாள். விளக்கு பச்சையானது. வண்டி மூக்கைத் தூக்கும் முன்பே கை கைப்பிரேக்கை விட்டுவிட்டது; கால் பிரேக்கைத் தேடித் தேடிக் கிளட்சையே மிதித்தது. நாற்பத்தோரு அடி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தங்கையின் வயிறு ஒரு சுற்று சிறுத்தது, வலி நின்றது. வந்த வழியே வீட்டுக்குப் போனார்கள். நாற்பத்தோரு நாள் கழித்து மறுபடி வலி எடுத்தபோது ஐம்பத்தெட்டு அடி. அதற்கடுத்த தடவை முப்பத்து மூன்று. பிள்ளை மீசையோடு பிறக்கும் என்று ஊர் சிரித்தது. அக்காளின் நரை குறைந்ததையும் விட்டுவைக்கவில்லை. தங்கைதான் சிரிக்கவில்லை. சுமக்கிறவளுக்கல்லவா பாரம் தெரியும். மூன்றாம் தடவைக்குப் பிறகு சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, குழந்தையின் இதயம் களைத்துவிட்டது, பிறக்கிறவரை இனி ஒரு நாள் பின்னால் போனாலும் தாங்காது என்று சொல்லிவிட்டார்.

நான்காம் தடவை காலை பத்து மணிக்கு அதே சிவப்பு விளக்கு. பின்னால் முட்டுகிற தூரத்தில் ஒரு லாரி. தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு முன்சீட்டின் முதுகைப் பிடித்தாள்.

"தனியா போனா வண்டி நழுவறதே இல்லையாமே. மெக்கானிக் சொன்னாரு."

அக்காள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போயிடுவேன்னு பயமாக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நூற்று முப்பத்திரண்டு நாளும் காலையில் இரண்டு தம்ளர் காபி கலந்தபோது மனசுக்குள் இருந்த நிம்மதி நினைவுக்கு வந்தது. அவமானமாக இருந்தது.

"ஆமா. இப்பதான் எனக்கே தெரியுது."

"நான் போகத்தான் போறேன். முதல்ல இது பொறக்கட்டும்."

விளக்கு பச்சையானது. லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். கண்ணில் நீர் நிறைந்து முன்கண்ணாடி மங்கிப்போனதால் அக்காள் காதை மட்டும் நம்பினாள். சத்தம் கம்மியது. வண்டி மூக்கைத் தூக்கியது. அவள் இன்னும் ஒரு நொடி பொறுத்து, கைப்பிரேக்கை எடுத்தாள். வண்டி மேலே போனது. நாடாவோடு வெளியே வந்த தையல்காரர் அளக்க ஒன்றும் இல்லாமல் கடைக்குள் திரும்பினார்.

பெண் குழந்தை. எடை சாதாரணம்தான். வெகுநேரம் வரிசையில் நின்று அலுத்தவரைப் போல எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அழுதது.

மூன்று மாதம் கழித்துத் துறைமுக ஊருக்குப் புறப்பட்டார்கள். பேருந்து நிலையம் மேட்டுக்கு அந்தப் பக்கம். அதற்குள் அந்த ஏற்றம் அக்காளுக்குத் தண்ணீர் பட்ட பாடாகியிருந்தது. ஆனாலும் அன்று விளக்கு பச்சையானதும் வண்டி பின்னால் போய் நின்றது. தையல்காரர் வந்து குனிந்து அளந்தார். சரியாக ஓரடி. பெட்டிக்குள் அன்று காலை மடித்து அடுக்கிய துணிகள் கலைந்து கிடந்தன. கையில் இருந்த பேருந்துச் சீட்டு வெறும் தாளாகியிருந்தது. தங்கை தாளைப் பார்த்தாள், அக்காளின் பிடரியைப் பார்த்தாள், குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"சரி, நாளைக்குப் போறோம்."

மறுநாள் வண்டி நழுவவில்லை.