கருங்கல் பாதைக்கு ஒரு போக்லேன்

“ஜேசிபி வேண்டாம்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?” என்றார் பாசல்கர்.

நீலா கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மண் அள்ளும் இயந்திரங்களை வாடகைக்கு விடும் இந்த மனிதரிடம் அவள் பேசுவது இதுதான் முதல் முறை. பக்கத்து ஊரான பிரங்குட்டில் சிமென்ட் கடைக்காரர் கொடுத்த எண்.

“நானா? எப்போ?” என்றாள், தனக்குத் தெரிந்த இந்தியில்.

“போன வாரம். மலைச்சரிவுல வீடு, கேட்லேருந்து நீளமான பாதை, பூரா மண் மூடிக் கிடக்கு. நடுவுல வளைவு, ஒரு பக்கம் பள்ளம். அங்கே ஜேசிபி திரும்ப முடியாது, நின்ன இடத்துலயே சுழல்ற சின்ன போக்லேன்தான் சரி, வாடகை கூட ஆனாலும் பரவாயில்லைன்னு சொன்னீங்க. பழைய டயர் எல்லாம்கூட சேர்த்து வச்சுட்டேன்.”

“டயர் எதுக்கு?”

“என்ன மேடம், விளையாடறீங்களா? மண்ணுக்கடியில கருங்கல் பதிச்சிருக்கு, போக்லேனோட இரும்புச் சங்கிலிச் சக்கரம் ஏறினா உடைஞ்சுடும், டயரைப் போட்டு அது மேல ஓட்டுங்கன்னு அவ்வளவு சொன்னீங்களே!”

நீலா வராந்தாவிலிருந்து கீழே பார்த்தாள். கேட் வரைக்கும் மண், மண்மேல் முளைத்த உண்ணிச்செடி. பிப்ரவரியில் இங்கே குடிவந்ததிலிருந்து அவள் பார்ப்பது இதைத்தான். காரைக் கீழே நிறுத்திவிட்டு ஓரமாக ஒற்றையடிப் பாதையில் ஏறி வர வேண்டும். அவளுக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. ஏற்றம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் அந்த ஒற்றையடிப் பாதையும் இருக்காது.

சாயங்காலம் ஹிஞ்சேவாடி ஆபீஸிலிருந்து அவள் கணவன் கௌஷிக் வந்தான்.

“இன்னைக்கும் ரேட் விசாரிச்சியா?” என்றான் ஷூவைக் கழற்றியபடி. “ஒருத்தன் டீசலைத் தனியாக் கேக்கறான். ஒருத்தன் மிஷினைக் கொண்டுவர்ற டிரெய்லருக்குத் தனியாக் கேக்கறான். கொள்ளை.”

“சோபா வாங்கறப்ப இந்தப் பேரம் பேசலீங்களே,” என்றாள் நீலா. “ஏங்க, இந்த மண்ணுக்கடியில கருங்கல்லா இருக்குது?”

கௌஷிக்கின் கை அப்படியே நின்றது. “யார் சொன்னா?”

“பாசல்கர்னு மிஷின்காரர்.”

“அவருக்கு எப்படித் தெரியும்? அந்தக் கல்லெல்லாம் அகல்யா ஒண்ணொண்ணாப் பொறுக்கி எடுத்தது. பதிச்ச அடுத்த மழையிலேயே மண் சரிஞ்சுடுச்சு.”

அகல்யா அவனுடைய முதல் மனைவி. ஆஸ்துமாவில் போய்விட்டாள் என்பதற்கு மேல் அவன் நீலாவிடம் சொன்னதில்லை. இப்போது சொன்னான். மண் சரிந்த அன்றைக்குத்தான் அவளுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வெளியே விளக்குச் சுழல நின்றது. மேலே வர வழியில்லை. சேற்றில் அவன்தான் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

“வளைவுக்கு வந்தப்பவே மூச்சு இல்லை, நீலா. நான் கேட் வரைக்கும் அவகிட்ட பேசிட்டே போனேன். அந்த இடத்தை ஒரு மிஷின் தோண்டறதை என்னால பார்க்க முடியாது.”

நீலாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. “எனக்கு வலி எடுத்தா எந்த வழியாத் தூக்கிட்டுப் போவீங்க?”

அவன் அவளுடைய கைப்பேசியை வாங்கி, பாசல்கரை ஸ்பீக்கரில் அழைத்தான். பழக்கம் விடவில்லை. “ரேட் கொஞ்சம் பார்த்துப் போடுங்க.”

பாசல்கர் சிரித்தார். “சாஹேப் குறைக்கச் சொல்வார், குறைச்சா நீங்க ஓட்டை மிஷினை அனுப்புவீங்க, அதனால ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீங்கன்னு மேடம் முன்னாடியே சொல்லிட்டாங்க.”

“எந்த நம்பர்லேருந்து பேசினாங்க?”

“உங்க வீட்டு லேண்ட்லைன்தான்.”

வீட்டுக்கு வந்த தொலைபேசிக் கம்பி, கம்பத்தோடு அந்த மண்ணுக்குள் கிடக்கிறது. கௌஷிக் கைப்பேசியை நீலாவிடம் நீட்டினான். “அனுப்புங்க,” என்று நீலாதான் சொன்னாள்.

சனிக்கிழமை போக்லேன் வந்தது. ஓட்டுநர் முதலில் தேங்காய் உடைத்தார். பிறகு டயர்களை முன்னால் போடுவதும், அவற்றின்மேல் ஊர்ந்து ஏறுவதும், மண்ணை அள்ளி டிப்பரில் கொட்டுவதுமாக மெல்ல மேலே வந்தார். வளைவில் கௌஷிக் வெயிலோடு நின்றிருந்தான். மண்ணுக்குள்ளிருந்து கருங்கல் வெளிப்பட்டபோது குனிந்து கையால் துடைத்தான். ஒரு கல்லும் உடைந்திருக்கவில்லை.

சாயங்காலம் முதல் தடவையாகக் கார் வாசல்வரை வந்தது. நீலா உள்ளே போய் உட்காருவதற்குள் பாசல்கர் அழைத்தார்.

“டிரெய்லரை நிறுத்திட்டேன் மேடம். மிஷின் நாளைக்கும் அங்கேயே இருக்கட்டும்னு இப்பதான் சொன்னீங்க. மேல வர்ற ஆம்புலன்ஸ் திரும்ப இடம் இல்லை, ரிவர்ஸ்ல இறங்கினா நேரம் ஆகிடும்னீங்க. நிச்சயம்தானே?”

ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

“நிச்சயம்,” என்றாள்.

வெளியே கௌஷிக் யாரோ சொல்வதைக் கேட்பவன்போலத் தலையைச் சாய்த்து நின்றிருந்தான். அவன் கையில் போன் இல்லை.

“அந்தக் கொய்யா மரத்தை எடுத்துட்டா ஒரு வண்டி திரும்பலாம்,” என்றான் அவள் பக்கம் பாராமல்.

“எடுத்துடலாங்க,” என்றாள் நீலா. அவன் தலை சாய்ந்திருந்த வலப்பக்கத்தைக் காலியாக விட்டு, இடப்பக்கமாகப் போய் நின்றுகொண்டாள்.